மில்லிங்காரர் போட்ட வட்டம்

அந்தத் தெருவில் இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தாலும், கம்ப்யூட்டர் மெஷின்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையை மில்லிங்காரர் ஒருவர்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிடுவார்.

“பொத்தானை அமுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கிறவனும் தொழில்காரன், நானும் தொழில்காரனா? லிஃப்டுல ஏறி பொத்தான் அமுக்கினவன் மலையேறிட்டு வந்தேன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?”

யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டீ ஆறிவிடும் என்ற கவலையிலேயே பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

அவருடைய பட்டறை வீட்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை. முன்னறையில் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் முன்வாசலிலும், இரும்பு குடைய வருகிறவர்கள் பின்வாசலிலும் வருவார்கள். கொட்டகையின் நடுவில், மூடிப்போன ஒரு பம்பு ஆலையிலிருந்து வாங்கி வந்த பழைய மில்லிங் மெஷின் யானைக்குட்டி போல நின்றது. அதன் டேபிளில் இரும்பை இறுக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றினால், டேபிள் நகர்ந்து இரும்பை, சுழன்று வெட்டும் கட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்தச் சக்கரத்தின் பிடி அவர் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. “என் மெஷின் ஒரு முடிகூடப் பிசகாது” என்பார். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அவர் செய்து கொடுத்த சாமான் சரியாக இருந்ததால் சோதிக்கத் தேவையும் வரவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் சட்டைக்குள் கை நுழையவில்லை. வலது தோள் பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

“தோள்மூட்டு இறுகிப் போயிருக்கு. தானாத்தான் விடணும், ஒரு வருஷம்கூட ஆகலாம். பயிற்சி எழுதித் தர்றேன். ஆனா பாரம் வச்சுக் கையைச் சுத்துற வேலை மட்டும் கூடவே கூடாது.”

“நான் செய்யறதே அது ஒண்ணுதான் டாக்டர்.”

“அப்ப அதைத்தான் நிறுத்தணும்” என்றார் டாக்டர், மிகவும் சுலபமாக.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மில்லிங்காரர் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். “இது வெளியில போகக்கூடாது. உன் தம்பிக்குக்கூடத் தெரியக்கூடாது. மில்லிங்காரனுக்குக் கை போச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பினா, வர்ற வேலை எல்லாம் வேற பட்டறைக்குப் போயிடும்.”

இது பாதி உண்மை. மீதிப் பாதி, யாராவது தன்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதை அவரால் தாங்க முடியாது என்பது.

“அப்ப வேலைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

 அவர், அடுத்த வீட்டு நாயைப் பற்றிச் சொல்வது போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “சக்கரத்தைக் கழட்டிட்டு மோட்டார் மாட்டலாம்னு பாக்கறேன். கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரி” என்றார்.

மனைவி நடுத்தெருவில் நின்றுவிட்டார். “நீங்களா? கட்சி மாறிட்டார்னு ஊரே சிரிக்குமே, பரவாயில்லையா?”

“சிரிக்கட்டும். கட்சி மாறினவனை யாரும் பரிதாபமாப் பாக்க மாட்டாங்க.”

“கால் வலிக்குதுன்னு நான் தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டப்ப ஒரு ஈ காக்கா என்னைக் கேக்கலை. ஆம்பளைங்க மோட்டார் போட்டா மட்டும் அதுக்கு ஒரு கட்சி, ஒரு கொடி” என்றார் அவர்.

மோட்டார்கள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. எதிர்ச்சாரியில் லேத் பட்டறை வைத்திருந்த மனைவியின் தம்பிதான் முதலில் பார்த்தார். அக்கா புருஷனை வம்புக்கு இழுப்பதைச் சாப்பாட்டு வேளையைப் போல நேரம் தவறாமல் செய்கிறவர். ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்து, “என்ன மாமா, பெட்டி பெட்டியா வருது? மலையேறக் கஷ்டமா இருக்குன்னு லிஃப்டு போடறீங்களா?” என்றார்.

“காலத்துக்குத் தக்கபடி மாறத்தான் வேணும் மச்சான். மாறாதவன் துருப்பிடிச்சுப் போவான்” என்றார் மில்லிங்காரர், ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல்.

மறுநாள் டீக்கடையில் அவர் இத்தனை காலம் கடனாகக் கொடுத்த வசனங்கள் எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தன. டீ மாஸ்டர் ஆற்றுகிற டம்ளரை அந்தரத்தில் நிறுத்தி, “அண்ணே, உங்களுக்குக் கையால ஆத்தின டீயா, பொத்தான் அமுக்கின டீயா?” என்று கேட்டார். வெல்டிங்காரர் எழுந்து நின்று, “பார்வையாளர்களுக்கு இடம் விடுங்கப்பா” என்று பெஞ்சைத் துண்டால் தட்டினார். மில்லிங்காரர் டீயை இடது கையால் வாங்கிக் குடித்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. சிரிக்கிற மும்முரத்தில் இருந்தார்கள்.

மோட்டாரைத் தாங்கும் தகடுகளை எல்லாம் அந்த வலிக்கிற தோளோடு அவரே குடைந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சுற்று. சக்கரங்கள் கழன்றன, மோட்டார்கள் ஏறின. முதல் வட்டம் போடுகிற அன்று கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வதாக இருந்தார். ஆனால் மச்சானுக்குத் தெரிந்த ரகசியத்துக்குக் கதவு ஏது? தெருவே கொட்டகையில் நின்றது.

அலுமினியத் தகட்டில் ஒரு பேரிங் வளையம் உட்காரும் அளவுக்கு வட்டக் குழி குடைய வேண்டும். பொத்தானை அமுக்கினார். யாரும் தொடாமலே டேபிள் நகர்ந்தது. கட்டர் பாடிக்கொண்டே சுற்றி வந்தது. ஒரு நிமிஷம் எல்லோரும் வாயைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். மில்லிங்காரர் பெருமையாகப் பேரிங்கை எடுத்துக் குழியில் வைத்தார். ஒரு பக்கம் மாட்டியது. இன்னொரு பக்கம் ஆடியது. உள்சுவரில் நாலு இடத்தில் சின்னச் சின்னப் படிகள்.

மச்சான் குனிந்து, நகத்தால் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். “வட்டம்தான் மாமா. நடுநடுவுல நின்னு யோசிச்சு யோசிச்சுப் போட்ட வட்டம்.”

“இது முட்டைங்க” என்றார் வெல்டிங்காரர்.

சாயங்காலத்துக்குள் மெஷினுக்கு முட்டை மெஷின் என்று பெயர் விழுந்துவிட்டது.

மில்லிங்காரர் மோட்டார் விற்றவனுக்கு போன் போட்டு எகிறினார். சாஃப்ட்வேர் சரியில்லை, மோட்டார் போலி, ஒயர் மட்டம் என்று அடுக்கினார். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணே, முன்னாடி கையால ஓட்டினப்ப, சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினா டேபிள் உடனே நகருமா? இல்ல, சக்கரம் கொஞ்சம் சும்மா சுத்தின பிறகு நகருமா?”

மில்லிங்காரர் போனைக் காதில் வைத்தபடியே மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

நகராது. உடனே நகரவே நகராது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே தேய்மானத்தில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. பட்டறைக்காரர்கள் அதைப் ‘பிளே’ என்பார்கள். திசையை மாற்றினால், அந்த இடைவெளி தீரும்வரை ஸ்க்ரூ சும்மா சுற்றும். டேபிள் அசையாமல் நிற்கும். அதனால்தான் கையால் ஓட்டுகிற எவரும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வருவார்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வருவார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். வருஷக்கணக்காகச் செய்ததில், செய்கிறோம் என்பதே மறந்துவிட்டது. மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது சொன்னதை நம்புகிற ரகம். சுற்றச் சொன்னார்கள், சுற்றினோம், டேபிள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு வட்டம் முடிவதற்குள் நாலு இடத்தில் திசை திரும்பியாக வேண்டும். நாலு திருப்பத்திலும் நாலு படி.

அன்று கொட்டகையில் யாரும் இல்லாதபோது டேபிளில், நூலளவு நகர்ந்தாலும் முள்ளால் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜை வைத்து அளந்தார். மோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பியது. கேஜின் முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பியது, முள் தூங்கியது. பிறகுதான் சோம்பல் முறித்து எழுந்தது. கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். ஒரு முடிகூடப் பிசகாது என்று ஊரெல்லாம் சொன்ன மெஷின்! கட்டுக்கட்டாக முடியை உள்ளே வைத்து மூடியிருக்கலாம். அவருக்குக் கோபம் வரவில்லை. ஏதோ கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் கூட இருந்த ஒருவரைப் பற்றி, வந்து ஒரு வாரமான ஒருவன் குறை கண்டுபிடித்துச் சொன்னது போல.

“பிளேன்னா விளையாட்டுதானே? இத்தனை வருஷமா உங்ககிட்ட விளையாட்டுக் காட்டியிருக்கு, இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்” என்றார் மனைவி.

முதல் வைத்தியமாக நட்டை இறுக்கினார். நடுவில் அருமையாக ஓடியது. ஓரத்துக்குப் போனதும் மோட்டார் முனகி நின்றுவிட்டது. ஆயுசு முழுக்க நடுவிலேயே வேலை செய்ததில் ஸ்க்ரூ நடுவில் மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரத்திலும் புத்தம் புதுசாக இருந்தது. நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் சிக்கும்; ஓரத்துக்குத் தளர்த்தினால் நடுவில் ஆடும். பாதி நாள் இறுக்கியும் பாதி நாள் தளர்த்தியும் ஒரு வாரம் போயிற்று.

இரண்டாவது வைத்தியம் அந்த போன் பையன் சொன்னது. இடைவெளி எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் எழுதிவிட்டால், திரும்புகிற இடத்தில் எல்லாம் மோட்டார் அவ்வளவு கூடுதலாகச் சுற்றிக்கொள்ளுமாம். எழுதினார். அலுமினியத்தில் வட்டம் போட்டார். பேரிங் போய் அழகாக உட்கார்ந்தது! அந்தத் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய், சில்லறை தேடுவது போல வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தார். எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வெல்டிங்காரர்கூட, “முட்டை பொரிஞ்சிடுச்சு போல” என்றார்.

மறுநாள் இரும்பில் போட்டார். கட்டர் இரும்பைக் கவ்வியதும், ஆடுவதற்கு இடம் இருந்த டேபிளை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ‘டணக்’ என்று கட்டர் இரண்டாக முறிந்து தகரத்தில் அடித்தது.

“என்ன மாமா, கடலை உடைக்கறீங்களா?” என்று எதிர்ச்சாரியிலிருந்து குரல் வந்தது.

மனைவி கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்து பார்த்தார். யாருக்கும் அடிபடவில்லை என்று தெரிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு, “குடத்துல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சு ஒரு சொம்பு தண்ணி கூடுதலா ஊத்தியிருக்கீங்க. ஓட்டையை அடைக்கலையே” என்றார்.

“அடைக்கணும்னா பால் ஸ்க்ரூ போடணும்.”

“பாலா? தண்ணி நிக்காத இடத்துல பால் நிக்குமா?”

“பால் இல்லம்மா, பால்! குண்டு! நட்டுக்குள்ள சின்னச் சின்ன குண்டு உருளும். துளி ஆட்டம் இருக்காது.” சொல்லிவிட்டு மெதுவாகச் சேர்த்தார்: “ஆனா அதைப் போட்டுட்டா பழையபடி கைக்குத் திரும்ப முடியாது. ரொம்ப லேசா ஓடும். மோட்டார் பிடிச்சாத்தான் நிக்கும். கைச்சக்கரத்தால ஓட்டினா டேபிளைக் கட்டரே இழுத்துட்டுப் போயிடும்.”

அங்கேதான் அவருக்குக் கால் பின்வாங்கியது. இதுவரை செய்ததை எல்லாம் ஒரு சாயங்காலத்தில் கழற்றி, சக்கரத்தை மாட்டி, ‘சும்மா பரிசோதனை பண்ணிப் பாத்தேன்’ என்று சொல்லிவிடலாம். தோளும் என்றாவது சரியாகும். இதற்கு மேல் போனால் திரும்ப வழி இல்லை. டேபிள் நீளவாக்கில் நகர ஒன்று, குறுக்கே நகர ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூ தருவித்தார், தருவித்துவிட்டுப் பெட்டியைப் பிரிக்காமல் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

இதற்கிடையில் தோளுக்குப் பயிற்சி செய்ய, நாலு தெரு தள்ளி இருந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடமாகத் தேடிப் பிடித்தது. அங்கே அவருக்குக் கொடுத்த பயிற்சியைக் கேட்டால் எதிரிக்கும் மனசு இளகும்: சுவரில் ஒரு சக்கரம் மாட்டியிருந்தது, பிடியைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்ற வேண்டும். பாரம் கிடையாது, இரும்பு கிடையாது, சும்மா காற்றில் சுற்றுகிற சக்கரம். பட்டறையில் சுற்றக்கூடாது என்று கழற்றிய சக்கரத்தை இங்கே பணம் கட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு அந்தச் சக்கரத்திலும் பிளே இருந்தது.

அன்றும் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தார். மச்சான்.

இரண்டு பேரும் திருட்டுப் பூனைகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன மாமா, இங்க?”

“சக்கரம் ஆடுதுன்னு சொன்னாங்க. பாத்துக் குடுக்கலாம்னு வந்தேன்.” பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். “பாரு, எவ்வளவு பிளே! நீ எங்க இந்தப் பக்கம்?”

“நானா? கட்டிலுக்கு ஒரு போல்ட்டு கடைஞ்சு கேட்டிருந்தாங்க. அளவெடுக்க வந்தேன்.”

“ஓஹோ.”

“ஆமா.”

உள்ளேயிருந்து பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். “என்ன ஐயா, நிறுத்திட்டீங்க? பாதிகூட முடியலையே, நிறுத்தாம சுத்துங்க. அப்பத்தான் தோள் விடும்.” பிறகு மச்சானைப் பார்த்து, “வாங்க வாங்க. இன்னிக்கும் குனிய முடியலையா? போய்க் குப்புறப் படுங்க, இடுப்புக்கு கரண்ட் வைக்கிறேன்” என்றார்.

மில்லிங்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். மச்சான் திரைக்குப் பின்னால் போய்க் கட்டிலில் ஏறிய சத்தம் கேட்டது. ஏறும்போது விட்ட முனகலும் கேட்டது. நாளெல்லாம் லேத் முன்னால் குனிந்து நிற்கிற இடுப்பு. அது எத்தனை நாளாக இப்படி இருக்கிறதோ! இத்தனை கேலியும் அந்த இடுப்பை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்.

முடிந்து வெளியே வந்தபோது மச்சான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மில்லிங்காரர் காத்து நின்றார். ஒன்றாக நடந்து வந்தார்கள். வழியெல்லாம் மழையைப் பற்றியும் கரண்ட் கட்டைப் பற்றியும் பேசினார்கள். தெருமுனை வந்ததும் மச்சான், “அக்காவுக்குப் போல்ட்டு விஷயம் தெரிய வேணாம் மாமா” என்றார்.

“எந்த போல்ட்டு?” என்றார் மில்லிங்காரர்.

மறுநாள் காலையில் மச்சான் கொட்டகைக்குள் வந்தார். சுவரோரம் கிடந்த பெட்டியை அவரே பிரித்தார். ஒரு பால் ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முனையைக் கடைஞ்சாத்தானே உங்க மெஷின்ல மாட்ட முடியும்? மேல்தோல் கல்லு மாதிரி இருக்கும். வெளியில குடுத்தா கோணலாக்கி வச்சிருவான்.” பதிலுக்கு நிற்காமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்.

அவர் கடைந்து முடிக்கும்வரை மில்லிங்காரர் லேத் பக்கத்திலேயே நின்றார். மச்சான் முதல் தடவையாக ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார். ‘எப்ப வாங்கினே?’ என்று மில்லிங்காரர் கேட்கவில்லை. கடைந்த முனையில் பேரிங் ஏறி, விரலால் தள்ளினால் மட்டும் நகர்கிற கணக்காக நின்றது. நல்ல வேலை என்று சொல்ல நினைத்தார். பழக்கமில்லாததால், “பரவாயில்ல” என்றார். மச்சானுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய ஸ்க்ரூக்களும் பித்தளை நட்டுகளும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. புது ஸ்க்ரூக்கள் ஏறின. டயல் கேஜ் முள் இந்தத் தடவை தூங்கவில்லை. மோட்டார் திரும்பியதும் தானும் திரும்பியது. இரும்பில் வட்டம் போட்டார்கள். கூட்டம் இல்லை, அவர்கள் இருவர் மட்டும்தான். பேரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். காற்று பிதுங்கி, ‘ப்ளக்’ என்று உள்ளே போய் உட்கார்ந்தது. மச்சான் அந்த இரும்பைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தார். பேரிங் விழவில்லை.

“இனிமே உங்களை என்ன சொல்லிக் கேலி பண்றதுன்னு யோசிக்கணும்” என்றார் வருத்தமாக. பிறகு டேபிளைப் பார்த்துக்கொண்டே, “லேத்துக்கும் இந்த மாதிரி மாட்டலாமா மாமா? சும்மா, கேட்டு வச்சுக்கறேன்” என்றார்.

வேலை நன்றாகவே வந்தது. முட்டை மெஷின் என்ற பெயர் மட்டும் போகவில்லை. புதிதாக வருகிற ஒன்றிரண்டு பேர் கோழிப்பண்ணைக்கு ஏதோ செய்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். மில்லிங்காரருக்கு இருந்த கஷ்டம் வேறு. மெஷின் ஓடும்போது அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்காரலாம் என்றால் வாய் கொடுத்த வரலாறு குறுக்கே நின்றது. அதனால் நாள் முழுவதும் நின்றார். கால் வீங்கியது. ஒரு நாள் மனைவியே தையல் அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் இடித்து வைத்தார். அவர் உட்கார்ந்தார். கட்டர் வட்டம் போடுவதை உட்கார்ந்தபடி பார்த்தபோது, இது நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது. உடனே சுற்றுமுற்றும் பார்த்தார், எண்ணம் யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் டாக்டர் அவர் கையைத் தூக்கினார், சுழற்றினார், முதுகுக்குப் பின்னால் மடக்கினார்.

“முழுசா விட்டிருச்சு. இனிமே தாராளமா எந்த வேலையும் செய்யலாம். சக்கரமா, எவ்வளவு வேணும்னாலும் சுத்துங்க.”

வீட்டில் மனைவி கேட்டபோது, “இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்” என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே சட்டென்று பிடிபடவில்லை. தோள்வலி இருந்தவரை, ‘வேற வழியில்லாம மாறினேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது. தோள் சரியாகிவிட்டால், பிடித்துத்தான் மாறியிருக்கிறோம் என்று ஆகிவிடும். அதைத் தெருவுக்கு முன்னால் ஒத்துக்கொள்வதில் கஷ்டமில்லை. முதல் நாளிலிருந்தே அங்கே அப்படித்தான் நடித்தாகிவிட்டது. வீட்டுக்குள்தான் கூச்சமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மனைவி ஸ்டூலில் ஏறி மேல் பரணில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். ஸ்டூல் ஆடியது.

“இறங்கு, இறங்கு, விழுந்து வைக்கப்போறே” என்று சொல்லிக்கொண்டே வந்து, எட்டி, வலது கையை நேராக மேலே நீட்டி, துணி மூட்டையை இழுத்து இறக்கினார். இறக்கிய பிறகுதான் எந்தக் கை என்று உறைத்தது.

மனைவி ஸ்டூலில் நின்றபடியே பார்த்தார். “எப்ப இருந்து?”

“இப்பத்தான். திடீர்னு…”

“அப்ப மோட்டாரை எடுத்துட்டுப் பழையபடி சக்கரத்தை மாட்டிடுவீங்க?”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம்” என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

மனைவி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கும்போது அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், அது புடைத்திருந்தது. இறங்கி வந்து மூட்டையை அவிழ்த்து, திரைச்சீலைத் துணியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

“உசரமாப் பிடிங்க. இன்னும் மேல. கை நல்லாத்தானே இருக்கு.”

அவர் பிடித்தார். அவர் மனைவி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்தார்.